எங்க பக்கத்து நாட்டுப்பாட்டு எது? – கூத்திசை பற்றிச் சில குறிப்புகள்

மதுரைப் பக்கத்து நண்பர் ஒருவர் போன வருஷம் பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்திருந்தார். பதினான்கு கிலோமீட்டரையும் நடந்து முடித்துவிட்டு, விடிகாலையில் தேரடிப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தோம். பேச்சு எங்கெங்கோ சுற்றிப் பாட்டில் வந்து நின்றது. "எங்க பக்கம்னா கொல்லங்குடி கருப்பாயி, பரவை முனியம்மானு டக்குனு சொல்லிருவோம். உங்க பக்கத்து நாட்டுப்புறப் பாட்டுனா எதைச் சொல்வீங்க?" என்று கேட்டார்.

"கூத்துதான்" என்றேன், யோசிக்காமலே.

"அட, அது நாடகம்ல?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவர் சொன்னதில் தப்பில்லை. கூத்து நாடகம்தான். ஆனால் பங்குனி பிறந்ததிலிருந்து ஆடி முடிகிறவரைக்கும் போளூர், ஆரணி, செய்யாறு, வந்தவாசி பக்கத்துக் கிராமங்களில் ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடியும்வரை ஒலிபெருக்கியில் கேட்பது பேச்சைவிடப் பாட்டுதான் அதிகம். ஏர் ஓட்டினவர்கள், செங்கல் சூளைக்காரர்கள், நெசவாளிகள் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பலர் வேலைக்கு நடுவே முணுமுணுத்தது சினிமாப் பாட்டுக்கு அடுத்தபடியாகக் கூத்துப் பாட்டைத்தான். அப்படியிருக்க, தமிழ்நாட்டு நாட்டுப்புற இசை வரலாறு என்று யாராவது எழுதினால் அதில் கூத்துக்கு ஏன் ஒரு அத்தியாயம்கூட இருப்பதில்லை? இருந்தாலும் ஏன் "நாடகம்" என்ற தலைப்புக்குக் கீழே போய்விடுகிறது? அன்றைக்குச் சொல்ல முடியாத பதிலைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு

நாட்டுப்புற இசையைப் பற்றி நாம் படிக்கிற கதை ஏறக்குறைய இப்படித்தான் போகும். 1871இல் சார்லஸ் கோவர் என்ற ஆங்கிலேயர் தென்னிந்திய நாட்டுப்பாடல்கள் பற்றி ஒரு புத்தகம் போட்டார். அதில் திருக்குறளையும் சேர்த்துக்கொண்டார் என்பது தனி வேடிக்கை. அப்புறம் பெர்சி மாக்வீன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி சேகரித்து வைத்திருந்த பாட்டுகளை கி.வா.ஜகந்நாதன் பதிப்பித்து 'மலையருவி' என்ற பெயரில் 1958இல் தஞ்சை சரசுவதி மகால் வழியாக வெளியானது. 1964இல் நா.வானமாமலையின் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' வந்தது. 1976இல் 'அன்னக்கிளி' வந்து இளையராஜா ஊர்ப்பாட்டின் மெட்டை சினிமாவுக்குக் கொண்டுவந்தார். 1985இல் 'ஆண்பாவம்' மூலம் கொல்லங்குடி கருப்பாயி, 2003இல் 'தூள்' மூலம் பரவை முனியம்மா. நடுவில் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் – நவநீதகிருஷ்ணன் தம்பதியின் மேடைகள், கேசட்டுகள். 2018இல் விஜயலட்சுமி அவர்களுக்குப் பத்மஸ்ரீ.

இதில் ஒருவரையும் குறைத்துச் சொல்ல எனக்கு உத்தேசமில்லை. ஆனால் இந்தப் பெயர்களை ஒரு வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். நாங்குநேரிக்காரரான நா.வா., தேனிப் பக்கத்துப் பண்ணைப்புரம், சிவகங்கைப் பக்கத்துக் கொல்லங்குடி, மதுரையை ஒட்டிய பரவை. 1970களின் முற்பாதியில் மதுரைப் பல்கலைக்கழகத்துக்காக நா.வா. பதிப்பித்துத் தந்த கதைப்பாடல்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கட்டபொம்மு, முத்துப்பட்டன், கான்சாகிபு, ஐவர் ராசாக்கள். பெரும்பாலும் வைகைக்குத் தெற்கே நடக்கிற கதைகள். இத்தனைக்கும் தேசிங்கு ராஜன் கதை எங்கள் பக்கத்தில் அச்சிலும் குரலிலும் காலங்காலமாக இருந்தது. 1714இல் ஆற்காட்டு நவாபோடு மோதிச் செத்த அந்த இளவட்டத்தின் செஞ்சிக் கோட்டை இங்கிருந்து கிழக்கே நாற்பது கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது.

ஆக, "தமிழ்நாட்டு நாட்டுப்புற இசை" என்று மாநிலத்தின் பெயரில் சொல்லப்படுவது பெரும்பாலும் தென்பாதியின் கதை. எங்கள் ஊரிலேயே இதற்குச் சாட்சி உண்டு. திருவண்ணாமலை தமுஎச கலை இரவுகளுக்குப் பேர் போன ஊர். அந்த இயக்கத்தின் மேடைகளில் மக்கள் பாட்டு என்றால் நினைவுக்கு வருகிற முதல் குரல்களில் ஒன்று கரிசல்குயில் கிருஷ்ணசாமியுடையது. பேரிலேயே கரிசல் இருக்கிறது. அருமையான குரல், நானும் ரசிகன்தான். ஆனால் வடாற்காட்டுக்காரன் "நாட்டுப்பாட்டு" என்று மனசில் கேட்கும்போதுகூடத் தெக்கத்திப் பேச்சுதான் ஒலிக்கிறது என்றால், அது எப்படி நேர்ந்தது என்று கேட்கவேண்டும் இல்லையா?

"தெற்குக்காரர்கள் ஓரவஞ்சனை செய்துவிட்டார்கள்" என்று சொல்வது சுலபம். உண்மை அப்படியில்லை என்று நினைக்கிறேன். சேகரிக்கப் போனவர்களின் கையில் இருந்த சல்லடையில்தான் விஷயம் இருக்கிறது.

சல்லடையும் டென்னஸியும்

இந்த யோசனை எனக்கு வந்தது அமெரிக்கக் கன்ட்ரி இசையின் கதையைப் படித்தபோது. டென்னஸி மாநிலம் கன்ட்ரி இசையின் தாய்வீடு என்று சொல்லிக்கொள்கிற இடம். அந்த மலைப்பகுதிக்கு 1916இலிருந்து 1918வரை செசில் ஷார்ப் என்ற இங்கிலாந்துக்காரர் பாட்டுச் சேகரிக்கப் போனார். அவர் தேடிப் போனது பழைய இங்கிலீஷ் கதைப்பாடல்களின் மிச்சத்தை. கிடைத்ததும் அதுதான். அதே மலையில் அதே வீடுகளில் ஒலித்த பாஞ்சோவுக்கும், தேவாலயப் பாட்டுக்கும், கறுப்பினப் பாடகர்களுக்கும் அவருடைய நோட்டுப்புத்தகத்தில் பெரிய இடம் கிடைக்கவில்லை.

பத்து வருஷம் கழித்து, 1927இல், ரால்ஃப் பீர் என்பவர் டென்னஸி எல்லையில் இருக்கும் பிரிஸ்டல் ஊருக்கு ஒலிப்பதிவுக் கருவிகளோடு வந்தார். கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ராட்ஜர்ஸும் அங்கேதான் முதலில் பதிவானார்கள். கம்பெனிகளுக்கு விற்பனைப் பட்டியல் வேண்டும். வெள்ளைக்காரர் பாடினால் 'ஹில்பில்லி', கறுப்பர் பாடினால் 'ரேஸ்' என்று இரண்டு பட்டியல் போட்டார்கள். ஒரே ஊரில், ஒரே மெட்டில் பாடினவர்கள் இரண்டு வேறு இசைக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். நாஷ்வில் வானொலியின் 'கிராண்ட் ஓல் ஓப்ரி' நிகழ்ச்சியில் மவுத் ஆர்கன் வாசித்துப் புகழ்பெற்ற டிஃபோர்ட் பெய்லி கறுப்பர். 1941இல் அவரை நிகழ்ச்சியிலிருந்து நீக்கினார்கள். கன்ட்ரி இசையின் புகழ்க்கூடத்தில் அவர் பெயர் ஏறியது 2005இல், அவர் இறந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆனபிறகு.

பட்டியல் போடுகிறவர் முதலில் ஒரு வரையறை வைத்துக்கொள்கிறார். வரையறைக்குப் பொருந்தாதது ஒலித்துக்கொண்டேதான் இருக்கும், வரலாற்றில் மட்டும் இருக்காது. நம்மூரில் என்ன வரையறை இருந்தது? எழுதியவர் பெயர் தெரியாது, ஏட்டில் இல்லை, வாய்வழி வருவது, மெட்டு எளிது, வேலையோடும் பிறப்பு இறப்போடும் சேர்ந்தது. தாலாட்டு, ஒப்பாரி, நடவு, ஏற்றம், கும்மி எல்லாம் இதில் அழகாகப் பொருந்துகின்றன. இன்னொரு வசதி, இவற்றை எழுத்தில் பிடித்துவிடலாம். நம் சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் தமிழ் இலக்கியத்திலிருந்து வந்தவர்கள். பாட்டை அவர்கள் வரியாகக் கேட்டார்கள். மெட்டு புத்தகத்தில் ஏறவில்லை.

இந்தச் சல்லடையில் கூத்துப் பாட்டைப் போட்டால் என்ன ஆகும்?

கர்ண மோட்சத்தில் ஒரு சண்டை

முதலில் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். எங்கள் பக்கம் திரௌபதியம்மன் கோயிலில் "பாரதம் வைத்திருக்கிறார்கள்" என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், கடைசிப் பத்து நாள் வாக்கில் ராத்திரிக் கூத்து. வில் வளைப்பு, பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று வரிசையாகப் போகும். கடைசி நாள் காலையில் மண்ணால் செய்து படுக்கவைத்த ராட்சச துரியோதனன் மேல் படுகளம், சாயந்திரம் தீமிதி.

கூத்துக் களத்தின் பின்பக்கம் ஒரு பெஞ்சு. அதில் பெட்டி, அதாவது ஹார்மோனியம், மிருதங்கமும் டோலக்கும், தாளம், பழைய ஜமாவாக இருந்தால் முகவீணை. முகவீணை என்பதைப் பேரைப் பார்த்துத் தந்திக்கருவி என்று நினைத்துவிடக்கூடாது. நாதஸ்வரத்தின் குட்டித் தம்பி மாதிரி, ஒரு முழத்துக்கும் குறைவான ஊதுகருவி. சத்தம் மட்டும் ஊரைத் தாண்டிக் கேட்கும்.

ஒரு தடவை வேண்டுமென்றே ஒரு காரியம் செய்தேன். கர்ண மோட்சம் நடந்த ராத்திரி எதிரே உட்காராமல் வாத்தியப் பெஞ்சுக்குப் பக்கவாட்டில் போய் உட்கார்ந்து, முடிந்தவரை ஆட்டத்தைப் பார்க்காமல் பாட்டை மட்டும் கேட்டேன்.

கர்ண மோட்சத்தில் எல்லாரும் காத்திருக்கிற கட்டம், போருக்குப் போகுமுன் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருவது. அவளோ இவனைத் தேரோட்டி வளர்த்த குலம் தெரியாதவன் என்று பல வருஷமாக ஒதுக்கி வைத்திருக்கிறாள். முகம் பார்க்க மாட்டேன் என்கிறாள். இந்தச் சண்டை முழுக்கப் பாட்டில் நடக்கிறது. கர்ணன் முதலில் விருத்தம் எடுக்கிறான். தாளம் கிடையாது, குரல் மட்டும் மேல் ஸ்தாயியில் நின்று நீள்கிறது. அவன் மூச்சு வாங்குகிற இடத்தில் முகவீணை அதே சொல்லின் கடைசி அசையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது. விருத்தம் முடிந்த வேகத்தில் மிருதங்கம் இறங்க, தரு ஆரம்பிக்கிறது. ஒரு அடியை நடிகர் பாட, பின்பாட்டுக்காரர்கள் அதன் பின்பாதியைத் திருப்பிப் பாட, அந்த இடைவெளியில் அவர் சுற்றி வந்து ஆடுகிறார். பொன்னுருவி பதில் சொல்கிறாள். அவளுக்கு வேறு மெட்டு. அவன் கெஞ்சக் கெஞ்ச நடை நிதானமாகிறது, அவள் மறுக்க மறுக்க வேகம் கூடுகிறது. நாலைந்து சுற்றுக்குப் பிறகு அவன் குந்தியின் மகன் என்ற உண்மை வெளியே வருகிறது. அப்போது அவள் பாடுவதில் முந்தைய மெட்டுகளின் கோபம் ஒன்றுமில்லை. ஒப்பாரிக்குப் பக்கத்தில் போய்விடுகிறது.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன். பின்பாட்டுக்காரர் ஓரிடத்தில் தாளத்தை அரை வீச்சு முந்திவிட்டபோது கண்ணைத் திறக்காமலேயே "ச்சு" என்றார். அவர் அங்கே நாடகம் பார்க்க வரவில்லை. கச்சேரிக்கு வந்திருந்தார்.

ஏன் பொருந்தவில்லை

இப்போது சல்லடைக்கு வருவோம். கர்ண மோட்சத்துக்கு ஆசிரியர் பெயர் உண்டு, புகழேந்திப் புலவர் என்று போட்டிருக்கும். அவர்தானா என்பது வேறு விவகாரம், ஆனால் "பெயர் தெரியாத பாமரர் பாட்டு" என்ற தகுதி போய்விட்டது. அச்சிலும் உண்டு. இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் மாதிரியான சென்னைப் பதிப்பகங்கள் போட்ட சாணிக் காகிதக் கூத்துப் புத்தகங்கள் திருவிழாக் கடைகளில் விற்றன. அதனால் "ஏட்டில் எழுதாதது" என்ற தகுதியும் போச்சு. புத்தகத்தைத் திறந்தால் பாட்டுக்குத் தலைப்பில் இராகம், தாளம் என்று பேர் போட்டிருக்கும். மோகனம், முகாரி, ஆதி, ரூபகம். மெட்டு எளிது என்ற தகுதியும் போச்சு. விருத்தம், கொச்சகம், கந்தார்த்தம், தரு என்று யாப்புப் பேர் வேறு. எந்தப் பக்கம் பார்த்தாலும் இது சேகரிப்பாளர் தேடிவந்த "வெள்ளந்திப் பாட்டு" இல்லை.

சரி, ராகம் இருக்கிறதே, கர்நாடக சங்கீதக்காரர்கள் சேர்த்துக்கொள்வார்களா? அங்கேயும் கதவு மூடித்தான் இருக்கிறது. கூத்தில் கேட்கிற மோகனம் சபாவில் கேட்கிற மோகனம் மாதிரி இருக்காது. மைக் இல்லாத காலத்தில் ஆயிரம் பேருக்குக் கேட்கவேண்டும் என்று மேல் ஸ்தாயியில் பழகிய குரல் அது. கமகத்துக்கு நேரமில்லை, சொல் போய்ச் சேரவேண்டும். சாஸ்திரக்காரர் காதுக்கு அது கத்தல், நாட்டுப்புறவியல்காரர் காதுக்கு அது நாடகம். இரண்டு வீட்டுக்கும் உறவு, இரண்டு வீட்டிலும் சாப்பாடு இல்லை என்கிற நிலை.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு வரும். "கூத்தைப் பற்றி எவ்வளவோ ஆராய்ச்சி வந்திருக்கிறதே?" வந்திருக்கிறது, உண்மை. ஆல்ஃப் ஹில்ட்பைட்டல் 1988இலிருந்து திரௌபதி வழிபாட்டைப் பற்றிப் பெரிய தொகுதிகள் எழுதினார். செஞ்சிதான் அவருடைய மையம். ரிச்சர்ட் ஃப்ராஸ்கா 1990இல் பாரதக் கூத்தைப் பற்றி எழுதினார். ஹன்னே டி புருயின் 1999இல் கட்டைக்கூத்தைப் பற்றி எழுதினார், அதற்கு முன்பே கர்ண மோட்சத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். தமிழில் ந.முத்துசாமி. செய்யாறு வட்டாரத்துப் புரிசையின் நடேச தம்பிரான், கண்ணப்ப தம்பிரான் ஆகியோரின் கூத்தைப் பார்த்து அசந்துபோய் 'அன்று பூட்டிய வண்டி' கட்டுரைகளை எழுதினார். 1977இல் கூத்துப்பட்டறை தொடங்கியதற்கும் அந்த அசப்புதான் பின்புலம்.

இவர்கள் இல்லாவிட்டால் எங்கள் பக்கத்துக் கூத்தை வெளியுலகத்துக்குத் தெரிந்தே இருக்காது. ஆனால் ஒவ்வொருவரும் எதைத் தேடி வந்தார்கள் என்று பாருங்கள். ஹில்ட்பைட்டலுக்குச் சடங்கும் புராணமும். ஃப்ராஸ்கா, டி புருயின் இருவரும் இசையைக் கவனிக்கிறார்கள் என்றாலும் கேள்வி அரங்கைப் பற்றியது. முத்துசாமிக்கும் அவரைத் தொடர்ந்த நவீன நாடகக்காரர்களுக்கும் நடிகனின் உடம்பு. அடவு, கிறுகி, வேஷத்தின் வீச்சு எல்லாம் நவீன மேடைக்குப் போய்ச் சேர்ந்தன. புரிசைக்காரர்கள் பிரெக்ட்டையும் மார்க்வெஸையும் கூத்தாக ஆடிக் காட்டியதை எல்லாரும் கொண்டாடினோம், கொண்டாடவேண்டியதுதான். ஆனால் அந்தக் கொண்டாட்டங்களுக்குப் பிறகு "அந்தப் பின்பாட்டுக்காரர் யார், அவர் பாடிய தரு எந்த மெட்டு?" என்று கேட்ட விமர்சனம் ஒன்றைக்கூட நான் படித்த ஞாபகம் இல்லை.

பக்கத்து மாநிலத்தைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். யக்ஷகானமும் ராத்திரி முழுக்க நடக்கிற, புராணக் கதை சொல்கிற, நெல் வயல்காரர்களின் கூத்துதான். ஆனால் அங்கே பாடுகிற பாகவதர் ஒரு நட்சத்திரம். இன்னாருடைய குரலுக்காகவே போகிறோம் என்கிற ரசிகர்கள் உண்டு. சிவராம காரந்த் யக்ஷகானத்தைப் பற்றி எழுதும்போது அதன் ராகங்களையும் தாளங்களையும் பற்றித் தனியாக வாதாடினார். கன்னடக்காரருக்கு அது தங்கள் மாநிலத்தின் இசை வரலாற்றில் ஒரு பகுதி. நமக்கோ, தெருக்கூத்தா கட்டைக்கூத்தா என்று பேரைப் பற்றித்தான் விவாதம் நடந்திருக்கிறது. அதுவும் தேவைதான். 'தெரு' என்பதில் ஒரு இளக்காரம் இருக்கிறது என்ற டி புருயின், பெ.ராஜகோபால் தரப்பின் வாதத்தை நான் பாதி ஏற்கிறேன். ஆனால் பேர் எதுவானாலும் பாட்டு பாட்டுதானே?

ரெண்டாயிரம் வருஷப் பெருமை

கூத்திசைக்கு மரியாதை வாங்கித்தர எங்கள் மாவட்டத்துக்காரர்கள் கையில் ஒரு பெரிய துருப்புச்சீட்டு இருக்கிறது. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாமுக்கு இன்னொரு பேர் கூத்தராற்றுப்படை. 583 அடி. பாட்டுடைத் தலைவன் நன்னன், அவனுடைய ஊர் செங்கம். திருவண்ணாமலையிலிருந்து மேற்கே சுமார் 35 கிலோமீட்டர். பாட்டின் தொடக்கத்திலேயே கூத்தர்கள் தூக்கிப்போகிற வாத்தியங்களின் பட்டியல் வருகிறது: முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, யானை மூச்சு விடுவதுபோல ஒலிக்கிற நெடுந்தூம்பு, குறுந்தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை. மூட்டை கட்டின வாத்தியப் பைகள் பலாமரத்தில் காய்கள் தொங்குகிற மாதிரி இருக்கின்றன என்று ஒரு உவமை. முதல் தடவை படித்தபோது, ஆட்டம் முடிந்து காலையில் டெம்போ வேனில் மிருதங்கத்தையும் பெட்டியையும் ஏற்றுகிற ஜமாதான் எனக்கு ஞாபகம் வந்தது.

அந்த ஞாபகத்தை ரசிப்பதோடு நிறுத்திக்கொள்ளவேண்டும் என்றும் நினைக்கிறேன். "அந்தக் கூத்தர்தான் இந்தக் கூத்துக்காரர்" என்று கோடு போடுவதற்கு நடுவில் ஏராளமான நூற்றாண்டுகள் கிடக்கின்றன. இன்று நாம் கேட்கிற கூத்துப் பாட்டில் வில்லிபாரதம் இருக்கிறது, பதினெட்டாம் நூற்றாண்டு நல்லாப்பிள்ளை பாரதம் இருக்கிறது, அச்சகம் இருக்கிறது, ஐரோப்பாவிலிருந்து வந்த ஹார்மோனியம் இருக்கிறது, நாடகக் கம்பெனிகளின் மெட்டு இருக்கிறது, சினிமா இருக்கிறது. அது கலந்து கலந்து வளர்ந்த இசை. கலப்பையெல்லாம் கழுவிவிட்டு "தொன்மை" என்று ஒரு சான்றிதழ் கொடுப்பதும் செசில் ஷார்ப் செய்த வேலைதான். ரெண்டாயிரம் வருஷப் பழசு என்று மேடையில் முழங்குகிறவர்கள் பெரும்பாலும் விருத்தம் முடிவதற்குள் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன்.

என் கட்சியின் ஓட்டைகள்

என் வாதத்தில் ஓட்டைகளும் இருக்கின்றன, அவற்றை மறைத்துப் பிரயோஜனமில்லை.

முதலாவது பெண்கள். நாட்டுப்பாடல் சேகரிப்பாளர்களின் சல்லடையைக் குறை சொன்னேன். ஆனால் அந்தச் சல்லடையால்தான் தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப்பாட்டும், அதாவது பெண்கள் கட்டிய பாட்டுகள், முதன்முதலாக இலக்கியம் என்று மதிக்கப்பட்டன. கூத்தோ பரம்பரையாக ஆண்களின் களம். பொன்னுருவியின் கோபத்தைப் பாடுவதும் ஆண் குரல்தான். கருப்பாயி அம்மாவின் இடத்தில் கூத்தை வையுங்கள் என்று நான் கேட்டால், அது ஒரு கிழவியின் குரலை நகர்த்திவிட்டு மீசைக்காரர்களை உட்காரவைப்பதாக ஆகிவிடும். காஞ்சிபுரம் பக்கத்தில் கட்டைக்கூத்து சங்கம் நடத்திய குருகுலத்தில் பெண்பிள்ளைகளும் பயின்றார்கள் என்பது இந்தக் கதையில் ஒரு நல்ல திருப்பம். ஆனால் திருவிழாக் களங்களில் அது இன்னும் விதிவிலக்குதான்.

இரண்டாவது சாதி. கூத்து எல்லாருக்கும் பொது என்று சொல்லிவிட முடியாது. எந்த ஜமாவை எந்தத் தெருக்காரர் கூப்பிடுவார்கள், எங்கே உட்காரவைப்பார்கள் என்பதில் ஊரின் கோடுகள் அப்படியே தெரியும். இதைவிடப் பெரிய விடுபடல் ஒன்று உண்டு. தஞ்சாவூர்ப் பக்கம் பெரிய மேளம் என்றால் நாதஸ்வரம், தவில். எங்கள் பக்கம் பெரிய மேளம் என்றால் தலித் கலைஞர்களின் தோல்கருவிக் குழு. பேர் ஒன்று, மரியாதை ஒன்றல்ல. கூத்தாவது "நாடகம்" என்ற தலைப்பில் எங்கோ ஒரு மூலையில் இடம் பிடித்துவிட்டது. பெரிய மேளத்தைப் பலர் சாவுக்கு அடிக்கிற சத்தம் என்பதோடு நிறுத்திவிட்டார்கள். வடபகுதியின் நாட்டுப்புற இசை என்று ஒரு அத்தியாயம் எழுதினால் முதல் பக்கம் கூத்துக்கா, பெரிய மேளத்துக்கா என்று என்னிடம் கேட்டால், எனக்குத் தயக்கமாகத்தான் இருக்கும்.

எதற்காக இவ்வளவு வாதம்

பட்டியலில் எந்தத் தலைப்பில் இருந்தால் என்ன, ஆட்டம் நடக்கிறதே என்று கேட்கலாம். நடக்கிறது. எங்கள் பக்கம் கூத்து அழிந்துகொண்டிருக்கிறது என்று ஒப்பாரி வைக்கிற ஆளில்லை நான். சீசனில் நல்ல ஜமாவுக்குத் தேதி கிடைப்பது கஷ்டம். யூட்யூபில் ஊர்ப் பையன்கள் செல்போனை நட்டுவைத்து ராத்திரி முழுக்கப் பதிவு செய்து போடுகிறார்கள், அதற்குக் கீழே துபாயிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பின்னூட்டம் வருகிறது. எந்தப் பல்கலைக்கழகமும் செய்யாத ஆவணப்பணியை இந்தப் பையன்கள் தெரியாமலே செய்துகொண்டிருக்கிறார்கள்.

ஆனால் நாடகம் என்று மட்டும் பார்க்கிறபோது, முதலில் வெட்டப்படுவது பாட்டுதான். கலைவிழா மேடையில் கால் மணி நேரம் கொடுத்தால் ஜமாக்காரர் என்ன செய்வார்? விருத்தத்தை விட்டுவிட்டு, கிரீடத்தோடு நாலு சுற்றுச் சுற்றி, ஒரு சண்டையை ஆடிவிட்டு இறங்குவார். பார்க்கிறவருக்குக் கண் நிறைந்துவிடும். ஊரிலும் கதை நகரவேண்டும் என்று தருவைச் சுருக்குகிறார்கள். முகவீணை இருந்த இடத்தில் கீபோர்டு வந்துவிட்டது. ஹார்மோனியத்தையே ஒரு காலத்தில் புதுசு என்று ஏற்றுக்கொண்ட மரபு இது, கீபோர்டு வந்ததற்காக நான் அழவில்லை. என் கவலை வேறு. மனிதக் குரல் நிறுத்திய இடத்திலிருந்து அதே மூச்சில் தொடர்கிற வேலையை முகவீணை செய்தது. அதைக் கற்றுக்கொள்ள வருஷங்கள் ஆகும். கேட்கிறவர்கள் அதை இசை என்று தனியாகக் கவனிக்காவிட்டால், அந்த வருஷங்களைச் செலவழிக்க எந்தப் பையனுக்கும் காரணம் இருக்காது. கண்ணை மூடிக்கொண்டு "ச்சு" என்று சொன்ன அந்தப் பெரியவர் மாதிரி ஆட்கள் குறைந்தால் வாசிப்பவர்களும் குறைவார்கள்.

அதனால் விமர்சனம் செய்கிறவர்களிடம் ஒரு சின்னக் கோரிக்கை. கூத்தைப் பற்றி எழுதும்போது வேஷம் கட்டினவர் பேரோடு பெட்டி, மிருதங்கம், பின்பாட்டுக்காரர் பேரையும் கேட்டு எழுதுங்கள். எந்தத் தரு எந்த மெட்டில் வந்தது, போன வருஷம் கேட்டதிலிருந்து என்ன மாறியது என்று ரெண்டு வரியாவது எழுதுங்கள். கர்நாடகக் கச்சேரிக்கு நாளிதழில் வருகிற விமர்சனத்தில் இது சாதாரண விஷயம்.

நான் ஒரு நோட்டுப் போட்டு ஆரம்பித்திருக்கிறேன். கர்ண மோட்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பழைய அச்சுப் புத்தகத்தில் போட்டிருக்கிற இராகப் பேரை ஒரு பக்கமும், யூட்யூப் பதிவுகளில் கேட்கிற மெட்டை இன்னொரு பக்கமும் எழுதிவருகிறேன். இதுவரை பார்த்ததில், முகாரி என்று அச்சிட்டிருக்கிற ஒரு பாட்டை மூன்று ஜமாக்கள் மூன்று விதமாகப் பாடுகின்றன. முடிந்ததும் இங்கே பதிகிறேன்.

மதுரை நண்பரிடமும் போனில் சொல்லிவிட்டேன். அடுத்த தடவை பௌர்ணமிக்கு வரவேண்டாம், சித்திரையில் பாரதம் வைக்கிற ஊர் ஒன்றுக்குக் கூட்டிப்போகிறேன் என்று. "எதிர்ல உக்காராதீங்க, பெஞ்சு ஓரமா உக்காருங்க" என்றேன். "ராத்திரி பூராவா?" என்றார். "கிரிவலம் மட்டும் ராத்திரி பூரா நடந்தீங்கல்ல?" என்றேன். சிரித்துக்கொண்டே வருகிறேன் என்றிருக்கிறார்.